தங்க முனையைத் தொடாதீங்க!

"தொடாதீங்க" என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு. கண்ணாடிச் சாமான் கடையில் நின்றவர்களுக்கு என் தொண்டை வலி புரியும். ப்ளஸ் டூவோடு படிப்பு போதும் என்று வந்தவள் நான். தஞ்சாவூரில் ஒரு காலேஜ் லேபில் ஆராய்ச்சி பண்ணும் சுமதி அக்காவுக்கு உதவியாள். தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை, அதன் முனையில் தங்கப் பூச்சு. உள்ளே வெளிச்சம் விட்டால் ஒரு நிறத்தை மட்டும் தங்கம் விழுங்கிவிடும். கம்ப்யூட்டர் வரைந்து காட்டும் கோட்டில் அந்த நிறத்தின் இடத்தில் ஒரு பள்ளம் விழும். தண்ணீரில் பூச்சி மருந்து இருந்தால் பள்ளம் நகரும். அவ்வளவுதான் விஷயம். விஜயதசமிக்கு மறுநாள் பெரிய புரொபசர்கள் முன்னால் நன்னிலத்தில் இதைச் செய்து காட்டினால்தான் அக்காவுக்கு ஜெர்மனியில் இடம்.

சோப்புக் கை

ஒத்திகைக்கு வலங்கைமான் போனோம். மதகடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் அக்கா வாய் தவறி "தங்கம்" என்று சொல்லிவிட்டார். போச்சு! நான் கத்தக் கத்த, நுரைக் கையோடு ஆளுக்கு ஒரு தடவு. கொண்டு போனதே மூன்று முனை, அதில் ஒன்று காலி. துவைத்தவர்களில் ஒருத்தர் என் வெறும் காதைப் பார்த்துச் சொன்னார்:

"கண்ணுக்கே தெரியாத தங்கத்தை வெச்சு என்னம்மா பண்றது? அதுக்கு நீ ஒரு தோடு வாங்கிப் போட்டிருக்கலாம்."

துபாய் அண்ணன்

அடுத்த வயலில், லீவுக்கு வந்திருந்த துபாய்க்காரர். கூர் இருக்கா என்று கட்டைவிரலால் முனையை வருடினார். டக். இனி மிச்சம் ஒரே முனை. மன்னிப்பு கேட்பார் என்று நின்றேன்.

"ஒடையுற சாமானை எதுக்கும்மா வயலுக்குக் கொண்டாறீங்க? துபாய்ல எல்லாமே இரும்புலதான் பண்ணுவான்."

சந்தனம்

ஆயுத பூஜைக்கு லேபில் பொட்டு வைப்பது அட்டெண்டர் அந்தோணி அண்ணன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் இந்த வேலையை யாருக்கும் விட்டுத் தர மாட்டார். நான் பீரோ சாவி தேடிப் போன நேரத்தில், அந்தக் கடைசி முனைக்கும் குச்சியால் சந்தனம், மேலே குங்குமம்!

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துடைத்தால் தங்கம் பெயர்ந்துவிடும். சொட்டுச் சொட்டாகச் சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஓரத்தில் கொஞ்சம் தங்கம் போனது. பள்ளம் ஆழம் குறைந்தது, ஆனால் இருந்தது. அண்ணனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"ஸ்டூலுக்கே வெச்சிருக்கேன் பாப்பா. இதுக்கு மட்டும் வைக்காம விட்டு, நாளன்னைக்கு ஓடலைன்னா யாரைத் திட்டுவீங்க? என்னையத்தானே?"

நன்னிலம்

புரொபசர்கள் வரப்பில் குடை பிடித்து நின்றார்கள். சுத்தத் தண்ணீரில் முக்கினோம். பள்ளம் ஓர் இடத்தில் விழுந்தது. வாய்க்கால் தண்ணீரில் முக்கினோம். அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் மெதுவாக, சண்டி மாடு மாதிரி, நகர்ந்தது பாருங்கள்! அக்கா என் கையை நசுக்கியே விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள், அந்தத் தண்ணீரை நடவு வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தவரைத் தவிர. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"மருந்து இருக்குன்னு காட்டிட்டீங்க, சரி. எடுக்குறதுக்கு என்ன கொண்டாந்திருக்கீங்க?"

அக்கா ஜெர்மனிக்குப் பறந்துவிட்டார். இப்போது வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீரைச் சோதிக்கப் போய், அந்தக் கேள்வியிடம் கரைக்குக் கரை மாட்டிக்கொள்வது நான்.