கெர்னல் இறங்கிய மாலை

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் எங்களுக்கு ஒரே டெலிபோன் லைன். ஹாலில் போன், அதே லைனில் என் அறையில் இன்டர்நெட்டுக்கான மோடம். மோடம் ஓடினால் போன் வராது. இது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். அப்பா அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கம்ப்யூட்டரில் லினக்ஸின் மூளையான கெர்னலைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். பழைய கெர்னலுக்கு என் புது சவுண்ட் கார்டை அடையாளம் தெரியவில்லை. எழுதியபடியே கிடக்கும் சோர்ஸ் கோடை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, நாமே கம்பைல் செய்து ஓடவைப்பதுதான் வீரம் என்பார்கள் நண்பர்கள். என் கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு ராத்திரி போகும். தேங்காய்ப் பால் சோறு நாசி லெமாக் பொட்டலமாகவே கிடைக்கும்போது எவன் உட்கார்ந்து தேங்காய் துருவுவான்? யாரோ கம்பைல் செய்து வைத்த பேக்கேஜே போதும் என்று அதை இறக்கத் தொடங்கினேன்.

அக்காவுக்கு வந்த மாப்பிள்ளையும் பேக்கேஜ்தான். இன்ஜினியர், ஷா ஆலத்தில் வீடு, கார், எல்லாம் தயார். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா லேப் வேலையை விட வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. அக்கா வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். அம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். ராகு காலம் கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் போன் செய்வார்கள், நாள் குறித்துவிடலாம் என்று ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து அக்கா என் அறைக்கு வந்தாள். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். முடியப்போகிறது என்றேன்.

"இதைவிட பெரிசா ஒன்னும் இல்லையா?"

சோர்ஸ் கோடு இருந்தது, பேக்கேஜைவிடப் பல மடங்கு பெரிசு. வேண்டாம் என்று ஒதுக்கிய அதையே அடுத்து இறக்கினேன். அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

ஹாலில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேசரி கிண்டி மூடி வைத்திருந்தாள். இருட்டியும் மணி அடிக்கவில்லை. நல்ல இடம் கைநழுவிப் போகிறது என்று அம்மா புலம்ப, லைன் செத்துவிட்டதோ என்று அப்பா ரிசீவரை எடுத்தார். மோடம் அவர் காதில் கீச்சிட்டது. லைனில் பேய் புகுந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். என் டவுன்லோட் பாதியில் அறுந்தது.

உடனே மணி அடித்தது.

அப்பா தொண்டையைச் செருமிக் கை நீட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். எப்போது அடித்தாலும் எங்கேஜாகவே இருக்கிறதே, லைனில் என்ன கோளாறு என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது.

"லைன் நல்லாத்தான் இருக்கு அங்கிள். எனக்குத்தான் இந்தக் கல்யாணம் வேணாம். வேலைய விட மாட்டேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு ரிசீவரை அப்பாவிடம் நீட்டினாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்கப்பா. நீங்க சொல்லுங்க."

அப்பா எழுந்து நின்று வாங்கினார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அக்காவை, அன்றைக்கு முதல் தடவையாக, நன்றாகப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "பிள்ள சொன்னதுதான்."