கல்லை வாயில் போட்ட வழிகாட்டி

விளையாட்டில் நான் நல்லவனாக இருந்ததே இல்லை. நிஜத்தில் கெட்டவனாக இருக்க வழியே இல்லாமல் போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் நான் 'தங்கமான புள்ள'. நிவித்திகல பஸாரில் போன் திருத்தும் கடையில் வேலை. யாரையும் ஒரு வார்த்தை ஏசியதில்லை. திருவிழாவுக்கு மைக் செட்காரரிடம் பேசுவதற்குக்கூட என்னைத்தான் அனுப்புவார்கள், சண்டை வராது என்று. இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அதைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்க ஓர் இடம் வேண்டும். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர் என்னோடு கடையில் வேலை செய்யும் சிங்கள நண்பர். இன்டர்நெட்டில் பார்த்துப் பழகியவர். அவர் கதையை நடத்துவார். அரக்கர்கள், சூனியக்காரிகள், இடிந்த கோட்டைகள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். என் ஆள் இதைச் செய்கிறான் என்று வாயால் சொன்னால் போதும். அது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு டைஸ் சொல்லும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்னது விழுந்தால் இல்லை. கேரம் காய்கள்தான் எங்களுக்கு அரக்கர்கள். சிவப்புக் காயை வைத்தால் பெரியவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். பேச்சு பாதி தமிழ், பாதி சிங்களம்.

என் மனைவிக்கு எப்போதும் வில்லாளி வேஷம். நான் போட்ட வேஷங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பக்கத்துப் படைக்கும் ஒரே புனித நீரை விற்கிற பூசாரி. போர்க்களத்தை விட்டு ஓடிப்போய், ஓடுகிற வழியில் அனாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றிய சிப்பாய். பயணிகளைக் கொள்ளைக்காரர்களிடம் கூட்டிப் போகிற, ஆனால் நடக்க முடியாதவர்களைத் தோளில் சுமக்கிற வழிகாட்டி.

"வீட்டுல தேங்கா திருவச் சொன்னா ஒழுங்கா திருவுறாரு. இங்க வந்தா மட்டும் கழுத்தறுக்குறாரு," என்பாள் மனைவி.

எனக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. முழு நல்லவன் வேஷத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. முழுக் கெட்டவனும் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடுவான். இரண்டுங்கெட்டானாக ஒருவனை எடுத்தால்தான் ஒவ்வொரு அடியிலும் நின்று, இவன் இப்போது என்ன செய்வான் என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. திருடனுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவன், திருடன் என்று ஒருவனைச் சட்டென்று சொல்லிவிட மாட்டான். இதை நான் பெரிய தத்துவமாக நண்பரிடம் பலமுறை அளந்திருக்கிறேன்.

அந்த மேசைக்குத்தான் மச்சானைக் கூட்டி வந்தேன். என் மனைவியின் அண்ணன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே கடைசிக் காம்பராவில் இருந்தார். தோட்ட வேலை பிடிக்காமல் இரத்தினபுரிப் பக்கம் இரத்தினக் கல் தோண்டும் குழிக்குப் போனவர். நாலைந்து பேர் பங்குக்கு இறங்கித் தோண்டுவார்கள். கல் மண்ணைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் அலசும் நாளில் பங்குக்காரர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் யாருடைய கையும் வாய்ப் பக்கம் போகக்கூடாது. தும்மல் வந்தாலும் எழுந்து போய்த்தான் தும்ம வேண்டும். யாரும் இதை எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

மச்சான் ஒரு நாள் மறதியாக வாயைத் துடைத்துவிட்டார். அதே நேரம் பார்த்துக் கூடையில் நீலமாக ஏதோ மின்னியதாக ஒருவர் சொன்னார். அலசி முடித்தால் நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை. "எடுத்தியா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நேராக வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். பிறகு இரண்டு நாள் குழிக் குடிசையிலேயே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். விழுங்கியிருந்தால் எப்படியும் வெளியே வந்துதானே ஆக வேண்டும். கடைசியில் போகச் சொல்லிவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு எந்தக் குழியிலும் அவரைச் சேர்க்கவில்லை. அவர் எடுக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்லப் போனாலே அவர் முகம் மாறிவிடும், நாங்கள் சொல்வதை நிறுத்திவிட்டோம். மனிதர் வீட்டை விட்டு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டார். இப்படியே போனால் ஆளை இழந்துவிடுவோம் என்று என் மனைவி அழுதாள்.

அதனால்தான் கூட்டி வந்தேன். மனைவி அவருக்குக் காவல் தலைவன் வேஷத்தைக் கொடுத்தாள். வாரக்கணக்கில் அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "நான் அவங்க பின்னாலேயே போறேன்." பரவாயில்லை, வருகிறாரே என்று இருந்தோம்.

நண்பருக்கு மச்சானின் கதை தெரியாது. அந்த ஞாயிறு அவர் எங்களைக் குள்ளர்களின் சுரங்கத்துக்குக் கூட்டிப் போனார். இந்த ஊர்க்காரருக்குச் சுரங்கம் என்றால் வேறென்ன தோன்றும்? குள்ளர்கள் கல் மண்ணை அலசுகிறார்கள், நாங்கள் காவல். என் வழிகாட்டிக்கோ மீட்க வேண்டிய ஒரு தங்கை இருந்தாள், கொள்ளைக்காரர்களிடம். மூன்று மாதமாக அவளை மீட்கப் பணம் தேடிக்கொண்டிருந்தேன். கூடையில் ஒரு கல் மின்னுகிறது என்று நண்பர் சொன்னதும் நான் வழிகாட்டிக்குள்தான் இருந்தேன், மேசையில் இல்லை.

"எடுத்து வாயில போட்டுக்கிறேன்," என்றேன்.

டைஸை உருட்டினேன். பெரிய எண் விழுந்தது. குள்ளர்கள் யாரும் பார்க்கவில்லை. மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சான் டைஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர் உற்சாகமாகத் தொடர்ந்தார். "குள்ளத் தலைவன் சொல்றான், கல்லக் காணோம். அப்ப எல்லாரையும் செக் பண்ணணும் நே, இல்லையா?"

"ஆரையும் சோதிக்க வேணாம்." மச்சானின் குரல். அந்த மேசையில் அவர் தன் வேஷத்துக்குள் இருந்து பேசிய முதல் பேச்சு அது.

"அப்ப கல்லு?"

"கேளுங்க. இல்லன்னு சொன்னா விட்டுருங்க." என் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'மாப்ள, நீங்க' என்று மட்டுமே பேசியவர், "நீ எடுத்தியா?" என்றார்.

இந்த மேசையில் நான் சொல்லாத பொய் இல்லை. ஆனால் அன்று பொய் சட்டென்று வரவில்லை. எடுத்தேன் என்றால், கேட்டால் போதும் என்று அவர் சொன்னது சரியாகிவிடும். இல்லை என்றால், சொன்னால் நம்புகிற ஓர் உலகம் அவருக்குக் கிடைக்கும், அதுவும் என் பொய்யால். எது அவருக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டி என்ன சொல்வான் என்பது மட்டும் தெரிந்தது.

"இல்ல," என்றேன்.

"கேட்டீங்கல்ல? எடுக்கலையாம். விடுங்க," என்றார் மச்சான் குள்ளர்களிடம்.

அவர்கள் நம்புவார்களா என்று பார்க்க நண்பர் டைஸை அவர் கையில் கொடுத்தார். மச்சான் உருட்டினார். சின்ன எண். "நம்பல," என்று நண்பர் வருத்தமாகச் சொன்னார். "வாயத் தொறக்கச் சொல்றாங்க."

"அப்ப மொதல்ல என்னையப் பாருங்க," என்று மச்சான் எழுந்து நின்றார். நின்று, எங்கள் எல்லோர் முன்னாலும், உண்மையாகவே வாயை அகலத் திறந்தார். மூடவே இல்லை. கண்ணில் தண்ணீர் நிரம்பியிருந்தது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நண்பர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

மீட்க வேண்டிய தங்கையும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம் என்றாகிவிட்டது எனக்கு. நானும் எழுந்தேன். "கல்லு என் வாயிலதான் இருக்கு. இந்தா, துப்பிட்டேன். அவரு எடுக்கல," என்றேன். நண்பருக்காக அதையே சிங்களத்திலும் சொன்னேன்.

மச்சான் வாயை மூடினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"கடைசியா, எடுக்கலன்னு சொன்னீங்கல்ல மாப்ள," என்றார் பிறகு. "அத மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன்.