ஐஸ்பெட்டிக்குள் மூன்றாம் நாள்

பெட்டிக்காரியிடம் மரியாதை என்ற சரக்கு எப்போதுமே கொஞ்சம் தட்டுப்பாடு. செத்தவர்களுக்கு மட்டும் ஒழுங்காகக் கொடுப்பாள். உயிரோடு இருப்பவர்களிடம் அதை வீணாக்க அவளுக்கு மனம் வராது. கண்ணாடி மூடி போட்ட ஐஸ்பெட்டிகள் இரண்டு வைத்திருந்தாள். யாராவது கண்ணை மூடினால், அடக்கம்வரை உடல் கெடாமல் இருக்க, அதில் ஒன்றைக் குட்டி வண்டியில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பெட்டிகளில் எல்லா வகை ஆளும் படுத்து எழுந்தாயிற்று, எழுந்தது மட்டும் இல்லை. வாழ்நாளில் ஒருத்தருக்காகவும் மனம் இளகாத ஒரு பெரிய மனுஷரைப் படுக்க வைத்த அன்றைக்கு, 'இந்த ஆளே போதுமான ஜில்லு, எனக்கென்ன வேலை?' என்று பெட்டி முனகிவிட்டுத் தானாகவே அணைந்தது என்று சத்தியம் பண்ணுவாள். நம்பாதவர்கள் பெட்டியையே கேட்டுக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளுக்குக் கடைசி பெஞ்சு. மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று எல்லோரும் சேர்ந்து அறிக்கை செய்யும் இடம் வந்தால், அவள் குரல் மற்றக் குரல்களின் தலைமேல் ஏறி நிற்கும். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தால், "நீங்க மனப்பாடமா சொல்றீங்க. நான் நேத்து ஒரு முகத்தைத் துடைச்சிட்டு வந்து சொல்றேன்" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கும் கர்ஜனை ஐயாவுக்கும் ஒத்துப்போகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் விற்கும் கடை வைத்திருந்தவர். ஒருநாள் தனக்கு அழைப்பு வந்துவிட்டது என்று கடையை மச்சானிடம் தள்ளிவிட்டு, வெள்ளைச் சட்டை, மைக், இரண்டு ஸ்பீக்கர், கீபோர்டு வாசிக்க ஒரு மாப்பிள்ளை சகிதம் வீடு வீடாக ஜெபிக்கக் கிளம்பினார். ஆண்டவருக்குக் காது மந்தம் என்று யாரோ அவரிடம் தப்பாகச் சொல்லிவிட்டார்கள்போல. அவர் ஜெபத்தில் ஒருவருக்குக் குட்டைக்கால் நீண்டதாம், இன்னொருவருக்குப் புதுசாகப் பல் முளைத்ததாம். அந்தப் பல்லை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பல்லுக்குச் சொந்தக்காரரையும்தான்.

தெருக்கோடி எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. நாற்பத்திரண்டு வயது. பெட்டிக்காரி பெட்டியை இறக்கினாள். முகத்தைத் துடைத்து, காலரைச் சரிபண்ணினாள். செவ்வாய் மாலை அடக்கம் என்று பேசி, குழியும் வெட்டியாயிற்று. செவ்வாய் மாலை பெட்டியை எடுக்கப் போனால், இறந்தவருடைய அண்ணன் வாசலில் மறித்தார்.

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு மூணாம் நாள். தம்பி எழும்பப் போறான். ஐயாவுக்கு வெளிப்பாடு கிடைச்சிருக்கு."

உள்ளே கர்ஜனை ஐயா சாய்வு நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மரணத்தை ஜெயிக்கிறவருக்குத் தொண்டை காயக்கூடாதல்லவா?

"அண்ணே, நாளைக்கு எழும்பப் போறவருக்கு இன்னிக்கு எதுக்கு ஐஸு? பெட்டியை எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டாள் பெட்டிக்காரி.

அவர் கோப்பையை இறக்கிவைத்தார். "அது வந்து... சரீரத்தைப் பத்திரமா வைக்கிறது நம்ம கடமைம்மா. நீ உன் வேலையைப் பாரு."

"என் வேலையைத்தான் பார்க்கிறேன். நீங்கதான் ஆண்டவர் வேலையில கையை விடுறீங்க."

அண்ணன் அவளை வாசல்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அப்போதுதான் எலக்ட்ரீஷியனின் மனைவியைப் பார்த்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை. எழும்பியதும் போட்டுக்கொள்ளவாம், ஐயாவின் உத்தரவு. கண் இரண்டும் வெடித்த களிமண் தரைபோல வறண்டு கிடந்தன.

"அக்கா, எனக்கு அழுகை வருது" என்றாள் மெதுவாக. "ஒரு சொட்டு வந்தாலும் அவிசுவாசமாம். நான் அழுதா இவர் எழும்ப மாட்டாராம். வாயைக் கடிச்சுக் கடிச்சுப் புண்ணாயிடுச்சு."

பெட்டிக்காரி குனிந்து, மடியிலிருந்த சட்டையின் காலரைச் சரிபண்ணினாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன், பஸ் டிரைவர், மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தபோது, மாமியாரின் ஜெபக்கூட்டம் இதே பாட்டைத்தான் பாடியது. அழாதே, சந்தேகப்படாதே. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவர் போய்விட்டார். "உன் விசுவாசத்துல எங்கேயோ ஓட்டை இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்கள் டிபன் சாப்பிட்டுப் போனார்கள். இரண்டு வருஷம் அந்த ஓட்டையைத் தேடினாள். எந்த நாள், எந்த நிமிஷம் சந்தேகப்பட்டோம் என்று. அப்புறம் ஒருநாள் குழாயடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது கோபம் வந்தது பாருங்கள், சட்டி ஓட்டையாகாதது அதிசயம். வெறும் மண்ணை ஊதி மனுஷனாக்கினவர், ஒரு பொம்பளையின் ஒரு நிமிஷத்துச் சந்தேகத்துக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா? பைபிளில், நாலு நாளாய்க் கல்லறைக்குள் கிடந்த தம்பியைப் பற்றி 'இப்போ நாறுமே' என்று ஒரு அக்கா ஆண்டவர் மூஞ்சிக்கு நேரே சொன்னாளே, அதற்காக அவர் கோபித்துக்கொண்டு, அவனை எழுப்பாமல் திரும்பிப் போனாரா? அவரே அந்தக் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதாரே. அழுகிறவர்களுக்கு உயிர்ப்பு இல்லையென்றால், அன்றைக்கு முதலில் தோற்றிருக்க வேண்டியவர் அவர்தான்.

இத்தனையும் நெஞ்சில் முட்டியது. வாயில் வந்தது வேறு: "நாளைக்கு வர்றேன் தங்கச்சி. பெட்டிக்குத் தனி லைன் வேணும். அதே போர்டுல வேற எதையும் மாட்ட விடாதே."

புதன்கிழமை மதியம் அவள் போனபோது வீடு நிறையச் செருப்பு. அடுத்தவன் செத்துப் பிழைப்பதை வேடிக்கை பார்க்க, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஐயாவுக்கென்று ஒரு டேபிள் ஃபேன், எல்லாம் பெட்டி மாட்டியிருந்த அதே போர்டில். "இதைக் கழட்டுங்க" என்றாள். கீபோர்டு மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஆவியில் நிறைந்திருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை.

மணி மூன்று. ஐயா மைக்கைப் பிடித்தார். முதலில் மரணத்தைத் திட்டினார், அப்புறம் பாதாளத்தைத் திட்டினார், நடுவில் வந்திருந்தவர்களையும் ஒரு பிடி பிடித்தார். கண்ணாடிப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, "எழும்பு!" என்று கர்ஜித்தார். வீட்டு நிலைக்கதவு எழும்பி நின்றது என்று பெட்டிக்காரி பிற்பாடு சொன்னாள். "எழும்பு! எழு—"

டப் என்றது.

மைக் செத்தது. ஃபேன் நின்றது. இரண்டு நாளாய் உறுமிக்கொண்டிருந்த பெட்டியின் சத்தம் அடங்கியது. அந்த அமைதியில், மைக் இல்லாமலே, கர்ஜனை ஐயாவின் சொந்தக் குரல் கேட்டது. அது ரொம்பச் சின்னக் குரல்.

"ஐயையோ, பெட்டி நின்னுபோச்சு! யாராவது பாருங்கப்பா! வெயில் நேரம், நாறிடும்!"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வீட்டில் ஃப்யூஸ் போடத் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டிக்காரி வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் நாற்பது வார்த்தை வரிசைகட்டி நின்றன. அதற்குள் அந்த மனைவி எழுந்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய அவர் டூல்ஸ் பையை எடுத்து, மீட்டர் பெட்டிக்குப் போய், ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினாள். பதினேழு வருஷம் அவருக்கு டார்ச் பிடித்த கை. கருகிய கம்பியைத் தள்ளிவிட்டுப் புதுக்கம்பியைச் சுற்றி முறுக்கினாள். மாட்டவில்லை. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"ஐயா, போடட்டுமா?"

"என்னம்மா கேள்வி இது? சீக்கிரம் போடு!"

"போட்டா அவர் மறுபடி குளிர்ல கிடப்பாரு. நீங்க எழுப்பப் போறீங்கன்னா, எதுக்கு?"

ஐயா முகத்தைத் துடைத்தார். "தங்கச்சி, நாமளும் கொஞ்சம் புத்தியா நடந்துக்கணும்ல... ஒருவேளை... எல்லாம் அவர் சித்தம்..."

"ஒருவேளையா?" அவள் குரல் உயரவில்லை. "ஒருவேளைன்னு உங்களுக்கு இருக்கலாம். எனக்கு மட்டும் இருக்கக்கூடாதா? ரெண்டு நாளா என்னை எதுக்கு அழவிடல?"

அண்ணன் தன் கால்விரலையே எண்ணிக்கொண்டிருந்தார். அவள் முதலில் ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தாள். அப்புறம் கட்டையை மாட்டினாள். பெட்டி உறும ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நீலச் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். சினிமாவில் அழுகிற மாதிரி அழகான அழுகை இல்லை அது. மூக்கு ஒழுக, தொண்டை கிழிய, வாந்தி எடுக்கிறவள்போல அழுதாள். பெட்டிக்காரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"பார்த்தீங்களா, இந்த அவிசுவாசத்தாலதான்..." என்று ஐயா தொடங்கினார்.

"அண்ணே, ஸ்பீக்கர் கனமா இருக்கும். வண்டியில ஏத்த நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றாள் பெட்டிக்காரி. "ஒரு கை போதும். இன்னொரு கை எனக்கு வேற வேலைக்கு வேணும்."

அந்த இன்னொரு கையைப் பார்த்ததும் அவருக்கு வேறொரு வீட்டில் அவசர ஜெபம் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியனின் சுண்டுவிரல் அசைந்ததாகவும், சரியாக அந்த நேரம் பார்த்துப் பெண்பிள்ளைகள் குழப்பிவிட்டதாகவும் இன்றுவரை சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு வருஷத்தில் அந்த விரல் முழுக் கையாக வளர்ந்துவிடும்.

ஐந்து மணிக்கு அடக்கம். போதகர் சாதாரணக் குரலில், மைக் இல்லாமல், நித்திய ஜீவனைப் பற்றிச் சொன்னார். கடைசி வரிசைவரை கேட்டது. மண் போட ஆரம்பித்தபோது, மனைவி பெட்டிக்காரியின் கையைப் பிடித்தாள். விரலெல்லாம் ஃப்யூஸ் கரி.

"அக்கா, எழும்புவாரா?"

"எழும்புவாரு."

"நிச்சயமாவா?"

"நான் யாரையும் ஏமாத்தி ஆறுதல் சொல்றவ இல்ல. ஊரே சொல்லும். எழும்புவாரு."

"எப்போ?"

"அது எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரியும்னு எவனாவது வந்தா, வீட்டுக்குள்ள விடாதே."

அவள் தலையாட்டினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். அழுதுகொண்டேதான் போட்டாள்.