ஒக்டோபரில் நனைந்த கையுறைகள்

அம்மா எதற்காவது உடனே சம்மதித்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் ஆறாம் வகுப்புப் படித்தபோது, வகுப்பே ஒரு வாரம் பனிச்சறுக்கப் போவதாக இருந்தது; பெற்றோர் சம்மதத் தாளில் கையெழுத்து வேண்டும். தோழி வீட்டில்கூட ஓர் இரவு தங்க விடாத அம்மா, இதற்கு மட்டும், "சறுக்குப் பலகையை நிப்பாட்டத் தெரியாமல் போகேலாது. நிண்டு காட்டு, கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

அன்றிலிருந்து அவரை வேவு பார்க்கத் தொடங்கினேன். ஒக்டோபர் மாதம்; வெளியே மழைதான், ஒரு பொட்டுப் பனி இல்லை. ஆனால் பள்ளி விட்டு வந்தால் அம்மாவின் தடித்த கையுறைகள் ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருக்கும். வீடு முழுக்கத் தைல வாசம். நாற்காலியைப் பிடித்துப் பிடித்துத்தான் உட்காருவார். கேட்டால், "ஒண்டுமில்லை, போய்ப் படி." ஆசிரியையிடம் போய் என்னைக் கூட்டிப்போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறார் என்றே முடிவுகட்டினேன். கையுறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் பிடிபடவில்லை.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊரில் வருடம் முழுக்கக் கூரைக்குள் பனி கொட்டி வைத்திருக்கும் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். வாடகைச் சப்பாத்துக் கொடுப்பவன் என் காலை அளந்தான். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்து, ஒன்றும் கேட்காமலே பெரியவர் அளவில் இன்னொரு சோடியை எடுத்து வைத்தான். அம்மா அவசரமாக அதைத் தள்ளிவிட்டார். கூட ஒரு சோடியைத் தலையில் கட்டப் பார்க்கிறான் கள்ளன் என்று முறைத்தேன்.

சரிவின் அடியில் நின்று அம்மா கத்தினார்: "நுனியைச் சேர்! குதிக்காலை விரி! பயந்தாலும் பின்னுக்குச் சாயாதை பிள்ளை!"

பனி விழுந்தால் தபால்பெட்டி வரைகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? என்னை விழுத்தத்தான் சொல்கிறார். பிடிவாதமாகப் பின்னுக்குச் சாய்ந்தேன். பலகைகள் பறந்தன. கீழே கட்டியிருந்த வலையில் போய் மோதி விழுந்தேன்.

அம்மா ஓடிவந்து தூக்கிப் பனியைத் தட்டிவிட்டார். "முதல் நாள் எல்லாருக்கும் இப்பிடித்தான். எழும்பு."

இரண்டாம் முறை வேறு வழி தெரியாமல் அவர் சொன்னபடியே செய்தேன். பலகைகள் அவர் காலடிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டன. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா அங்கேயே கைப்பையைத் திறந்து தாளை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

அப்போதும் நம்பிக்கை வரவில்லை. திரும்பும் வழியில், அது அவருடைய வழக்கமான கையெழுத்துத்தானா என்று இரண்டு தரம் விரித்துப் பார்த்தேன். அம்மா, ஆசிரியை, சப்பாத்துக்காரன் என்று ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்ட எனக்கு, அம்மாவின் கால் அளவு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் தோன்றவேயில்லை.