மாப்பிள்ளையின் கறுப்புப் பல்

போன வாரம் தாம்பரத்தில் ஒரு ரிசப்ஷன். பக்கத்து ஃபிளாட் சேகர் சாரின் மகள் நித்யாவுக்கு மறுநாள் காலையில் கல்யாணம். மாப்பிள்ளை பிரகாஷ், மறைமலை நகரில் இன்ஜினியர்.

கச்சேரிக்காரர்கள் குத்துப்பாட்டு ஆரம்பித்ததும் மண்டப விளக்குகளை அணைத்துவிட்டு, மேடையில் ஊதா விளக்கை மட்டும் எரியவிட்டார்கள். வெள்ளைச் சட்டைகளெல்லாம் நீலமாகப் பளிச்சிட்டன. பிரகாஷ் சிரித்தார்... முன்பல் ஒன்றைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை.

எனக்கு முன்வரிசையில் இருந்த நித்யாவின் அத்தை - சேகர் சாரின் அக்கா - நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, பையனுக்குப் பல்லு இல்லடா. மறைச்சிட்டாங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த சேகர் சார் பதறிவிட்டார். ஒரு பல்லில் ஆரம்பித்த பேச்சு சர்க்கரை வியாதி, பரம்பரை நோய் என்று வளர்ந்தது. காலையில் தாலி கட்டத்தான் வேண்டுமா என்று அத்தை கேட்டபோது, என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். சில பொருட்கள் அதை விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகத் துப்பும். இதற்குப் பெயர் ஃப்ளோரசன்ஸ். டியூப் லைட்டின் உள்பூச்சு செய்வதும் இதைத்தான். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்ப்பதும் இந்த ரகம்தான். சட்டை பளிச்சிடுவது அதனால். அசல் பல்லும் லேசாக ஒளிரும். கட்டிய பற்களில் சில ஒளிராது. அதனால் கறுப்பாகத் தெரியும்... பல் இல்லை என்று அர்த்தமல்ல.

பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அத்தை, "அப்போ பொய்ப்பல்லுதானே?" என்றார்.

கேஸை நானே ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன்!

அத்தை விடுவிடுவென்று மேடையேறினார். பின்னாலேயே சேகர் சார், அவர் பின்னால் நான். நித்யாவின் காதில் அத்தை ஏதோ சொன்னார். அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"தெரியும் அத்தை. பைக்ல இருந்து விழுந்துட்டாராம். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டார்."

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று சேகர் சார் கேட்டார். பல் அவருடையது, அதில் சொல்ல என்னப்பா இருக்கிறது என்றாள்.

அத்தைக்குத் தர்மசங்கடம். சமாளிக்க வேண்டுமே... கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வாயைத் திறந்து பெரிதாகச் சிரித்தார். மேல்வரிசை மொத்தமும் இருட்டு!

நித்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிரகாஷும் பார்த்துவிட்டார். சட்டென்று குனிந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை" என்று காலைத் தொட்டார். நித்யாவும் குனிந்தாள். அத்தை கண்கலங்கி இருவரையும் வாழ்த்தினார். தங்கமான பையன் என்று கீழே இறங்கும்போது என்னிடமே சொன்னார். எனக்கு மாப்பிள்ளை மேல் மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான். இத்தனை விளக்கம் சொன்ன எனக்கு, எதைச் சொல்லக்கூடாது என்று அவ்வளவு வேகமாகத் தோன்றியிருக்குமா?

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. முகூர்த்த வீடியோ சிடி அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. ரிசப்ஷன் சிடி மட்டும் எடிட்டிங்கில் இருக்கிறதாம்... எப்போதும் இருக்குமாம்.