பால் பையின் பாரம்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தேன். பக்கத்தில் நின்ற என் மகள் சுதா, என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"எத்தினை வருசமா அம்மா இப்பிடி?"

"உன்ர வயசு" என்றேன்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

ஊரில் சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லி எல்லோரும் போய்வந்துகொண்டிருந்த காலத்துப் பனிமாரி அது. கடல் கடந்து வந்த இந்தக் குளிர் நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. மருத்துவமனைக்கு வந்ததற்கு முதல் நாள், பனி உறைந்த வெளிப்படிக்கட்டில் ஓர் அரிசிப் பையை ஏற்றினேன். நடுப்படியில் கீழே ஏதோ இறங்கியது. எது என்று எனக்குத் தெரியும், பழைய ஆள்தான். வழக்கம்போல உள்ளே தள்ளிவிட்டுச் சமைத்தேன். விடிந்தபோது சிறுநீர் ஒரு சொட்டும் போகவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. அதனால்தான் வாய் திறந்தேன், இல்லாவிட்டால் இன்னும் சொல்லியிருக்க மாட்டேன்.

கருப்பை இறக்கம் என்றார்கள் (கருப்பையைத் தாங்கும் தசைகளும் நார்களும் தளர்ந்து, அது கீழிறங்கி வெளியே வருவது). இறங்கிய கருப்பை சிறுநீர் வழியை மடக்கிவிட்டதாம். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். எனக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு அந்த வெட்கம் தெரியும். பழஞ்சேலையைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வருபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கலியாணமான புதிதில், வன்னியில் ஒரு குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியேறினோம். காணி என் கணவர் பெயரில். மரம் தறித்தது, கட்டை பிடுங்கியது, வரம்பு கட்டியது எல்லாம் ஆண்கள். வாய்க்காலில் தண்ணீர் அள்ளி ஒரு குடம் இடுப்பிலும் ஒரு வாளி கையிலுமாகக் கொண்டு வந்தது நாங்கள். நாற்று நட்டோம், விறகு சுமந்தோம், ஊறவைத்த நெல்லைப் பெரிய கிடாரத்தில் அவித்து, கிடாரத்தோடு அடுப்பிலிருந்து இறக்கினோம். இவற்றுக்கு நாங்கள் வேலை என்ற பெயர் வைக்கவில்லை. வேலை என்றால் வயலில் அவர்கள் செய்வது.

யாழ்ப்பாணத்தில் என்றால் பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள். துடக்கு என்னும் தீட்டுக் கழியும்வரை வயிற்றில் துணி கட்டி, மிளகும் மஞ்சளும் அரைத்த சரக்குக் கறி கொடுத்து, ஒரு செம்பு தூக்கவும் விடமாட்டார்கள். மூத்த பிள்ளைகள் இருவரையும் அங்கே போய்ப் பெற்றேன். சுதா பிறந்தது குடியேற்றத்தில், அடைமழையில். என் அம்மா வரும் பாதையை வெள்ளம் மூடிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் என்னைப்போலத் தாய்வீட்டு உதவி இல்லாத ஒற்றை ஆட்கள்தான். துடக்கும் பத்தியமும் பார்க்க ஆளில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும், வார்க்க நான்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். குடத்தை இடுப்பில் ஏற்றிய ஒரு நாள் அது முதல் தடவை இறங்கியது. வயிற்றில் கட்டவேண்டிய துணியைக் கீழே கட்டினேன்.

மருத்துவமனையில் என்னைப் பார்த்த மருத்துவர் நரைத்த தலையுள்ள பெண். அவர் பிரெஞ்சில் கேட்டார், சுதா தமிழில் சொன்னாள்.

"என்ன வேலை செய்யிறனீங்கள் எண்டு கேக்கிறா."

"வேலை ஒண்டுமில்லை. சும்மா வீட்டிலதான்."

"பாரம் ஏதும் தூக்குவீங்களோ?"

"சீச்சீ. பாரம் அப்பா தூக்குவார்."

நான் பொய் சொல்லவில்லை. எங்களுக்குப் பாரம் என்றால் நெல் மூட்டை. அதை ஆம்பிளைகள்தான் தூக்குவார்கள். மருத்துவர் என் சொல்லை நம்பி, சத்திரசிகிச்சை வேண்டாம், வளையம் போதும் என்றார் (கருப்பை இறங்காமல் உள்ளே தாங்கி நிற்கும் வளையம்). பாரம் தூக்காத ஆளுக்கு அது நிற்கும் என்றார்.

நிற்கவில்லை. உடுப்புக் கூடையோடு, தோய்க்கும் இயந்திரம் இருந்த நிலவறைக்கு இறங்கி ஏறியபோது கழன்று விழுந்தது. இன்னொன்று போட்டார்கள். பேரனைத் தூக்கினேன், அதுவும் விழுந்தது. மருத்துவர் குழம்பிப்போய் முன்பு கேட்டதையே திருப்பிக் கேட்டார். நானும் திருப்பிச் சொன்னேன்.

"பாரம் ஒண்டும் தூக்கிறேல்லை எண்டு சொல்லு."

சுதாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா கதைக்கிறீங்கள்? அரிசி ஆர் தூக்கிறது? உடுப்பு ஆர் தூக்கிறது? பிள்ளையை ஆர் தூக்கிறது?" என்றவள் மருத்துவரிடம் திரும்பிப் பிரெஞ்சில் கொட்டித் தீர்த்தாள். குளம், குடம், கிடாரம் என்று இடையிடையே தமிழ் கேட்டது. என் முகம் எரிந்தது.

மருத்துவர் பேனையை மூடி வைத்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவவின்ர அம்மாவுக்கும் இதுதானாம், அம்மா. இஞ்ச வடக்கில காடு வெட்டிக் குடியேறின ஆக்களாம். அந்தத் தாயும் டொக்டரிட்டை நான் ஒரு வேலையும் செய்யிறேல்லை எண்டுதான் சொன்னவவாம்."

அந்தப் பெண்ணும் பனியில் வாளி சுமந்திருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கருப்பையை எடுத்து, தளர்ந்த சுவர்களை இழுத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒரே சட்டம் போட்டார். இங்கே கடையில் விற்கும் நாலு லீற்றர் பால் பையின் பாரத்துக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது, இனி எந்த நாளும். மீறினால் தையல் விடும், பிறகு தைக்க நல்ல தசை மிஞ்சாது.

என் கணவர் சூசை நல்ல மனிதர். ஆனால் அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று தெரியாதவர். ஒரு பின்னேரம் கட்டில் ஓரத்தில் வந்து அமர்ந்தார்.

"ஏன் நீர் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் எழும்பிப் போய் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். வெள்ளைச் சட்டைகளெல்லாம் நீலமாகித் திரும்பி வந்தன.

சும்மா கிடப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இடுப்படித் தசையை இறுக்கி விடும் பயிற்சியைச் செய்துகொண்டே யன்னலால் படிக்கட்டைப் பார்ப்பேன். குசினியில் பாத்திரம் விழுந்தால் கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கும். திரும்ப ஏற்றி வைப்பேன்.

பங்குத் திருநாளுக்குப் போகும் அளவுக்கு உடம்பு தேறியது. கோயில் மண்டபத்தில் சூசை காடு வெட்டிய தன் வழக்கமான கதையைத் தொடங்கியிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளை ஒன்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"நிஜமாவே நீங்களே காட்ட வெட்டுனீங்களா அங்கிள்?"

அந்த நேரம் குசினியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "அன்ரி, ஒருக்கா வந்து பிடியுங்கோ, கிடாரத்தை இறக்கவேணும்."

நான் எழும்பிவிட்டேன். பால் பை, தையல் ஒன்றும் நினைவில்லை. கை தானாகக் கைப்பிடித் துணியைத் தேடியது. சூசை கதையைப் பாதியில் விட்டு வந்து எனக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றார்.

"அவவைக் கூப்பிடாதேங்கோ" என்றார். "அவ இவ்வளவு காலமும் தூக்கினது காணும், இனிப் போதும்."

பிறகு அவரும் அந்தப் பிள்ளையுமாகக் கிடாரத்தை இறக்கினார்கள். கஞ்சி கொஞ்சம் சிந்தியது.

யாரோ ஒரு கதிரை போட்டார்கள். இருந்தேன். அடிவயிற்றில் கனம் இல்லை, இடுப்பில் துணி இல்லை. அந்த அடைமழையில் எனக்குக் கிடைக்காமல் போன நாட்கள் இத்தனை காலம் எங்கேயோ காத்துக் கிடந்து, இப்போதுதான் வந்து சேர்ந்தன போல இருந்தது. இந்த வயதில் நான் பச்சை உடம்புக்காரி.

பந்தி முடியும்வரை நான் எழும்பவில்லை.