விமானம் பார்த்த குடங்கள்

"மில் காலனி. வடமேற்கிலிருந்து. காலை."

விமானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தின் பின்புறத்தில் ஊதா மையில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. எழுதியவர் திசையையும் பொழுதையும் குறித்திருக்கிறார். நாளையும் ஆண்டையும் விட்டுவிட்டார். மில் மூடி, ஆபீசை இடித்தபோது இந்தப் படத்தைச் சட்டத்தோடு எடுத்து வைத்திருந்த பழைய குமாஸ்தாவின் மகள், போன மாதம் காலனிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் முன்னும் பின்னுமாகப் படமெடுத்துப் போட்டாள். புதுக்கோட்டை ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்துப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டேன்.

ஆண்டை ஓரளவு ஊகிக்கலாம். படத்தில் மில்லின் புது ஷெட்டுக்குச் சுவர் இருக்கிறது, கூரை இல்லை. அந்த ஷெட் திறப்பு விழாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான் வரிசையில் நின்று மிட்டாய் வாங்கினேன். ஆகவே, விமானம் வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு.

புகைபோக்கி, ரம்பப் பல் போன்ற மில் கூரைகள், தீப்பெட்டி அடுக்கியதுபோல் வீடுகள். தெருக்களில் ஈ காக்கை இல்லை. ஆனால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, ரேஷன் கடை வரைக்கும் வெள்ளைப் புள்ளிகளாக ஒரு நீளக் கோடு ஓடுகிறது. அந்தக் கோடுதான் எங்கள் வெற்றி.

காலனி முழுவதற்கும் ஒரே குழாய். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் தண்ணீர் வரும். முந்தின இரவே குடத்தை வைத்து இடம் பிடிப்பார்கள். வைத்தவர் ஷிப்டுக்குப் போகலாம், பூசைக்குப் போகலாம். இடம் குடத்துக்குச் சொந்தம். அடுத்தவர் குடத்தை நகர்த்தியவளோடு அந்தத் தெருவே பேச்சை நிறுத்திவிடும். குழாயில் கிடைக்காதவர்கள் ரயில்பாதையைத் தாண்டிக் கிணற்றுக்குப் போக வேண்டும். அம்மா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. முந்தின பிள்ளை தங்காமல் போனதால், குடம் தூக்கவே கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தூக்காமலும் முடியவில்லை.

இன்னொரு குழாய் கேட்டுப் பெண்கள் மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேனேஜரின் பதில் மாறவே இல்லை: "நான் தினமும் அந்தப் பக்கமாத்தான் வர்றேன். ஒரு கூட்டத்தையும் காணோமே." அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கார் வரும்போது குழாய் நின்று, குடங்களும் வீடு போயிருக்கும்.

இந்த நிலையில், மில்லின் ஆண்டுவிழா மலருக்காக ஆகாயத்திலிருந்து படம் எடுக்க ஏற்பாடாயிற்று. படத்தில் காலனி துப்புரவாகத் தெரிய வேண்டுமாம். அன்று காலை வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் உள்ள போங்க! கொடியில துணி கெடக்கக் கூடாது. ஆடு, கோழி, ஆளு, ஒண்ணும் வெளிய தெரியக் கூடாது. ஏரோப்ளேன் வருது!"

குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வரிசையில் முன்னால் நின்றது என் அத்தை. அப்பாவின் தங்கை, பக்கத்து வீடு.

"ஏண்ணே, நாங்க உள்ள போயிட்டா எங்க எடம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உத்தரவு."

"சரி, போறோம். குடத்த என்ன செய்ய? அதையும் எடுக்கணும்னா சொல்லுங்க. முதல்ல அங்கிட்டு நாலாவதா நிக்கிற உங்க வீட்டுக் குடத்த எடுங்க. பின்னாடியே நாங்களும் எடுத்துர்றோம்."

வாட்ச்மேன் அந்தக் குடத்தைப் பார்த்தார். பிறகு, அதை வைத்துவிட்டுத் தன்னையே பார்த்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தார்.

"குடத்தப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, விசிலை ஊதியபடி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அத்தை வீடுவீடாக ஓடினாள். "இருக்குற குடத்தையெல்லாம் கொண்டாந்து வைங்கடி!" எங்கள் வீட்டில் அரிசி போட்டு வைத்திருந்த குடத்தைக் கூடக் கவிழ்த்து என் இடுப்பில் ஏற்றினாள். அன்றைக்குக் கூடுதல் தண்ணீர் வரும்போல என்று நினைத்துச் சுமந்தேன். பிளாஸ்டிக் குடம் எங்கள் பக்கம் வந்திராத காலம்; எல்லாம் பித்தளையும் எவர்சில்வரும். பிறகு கதவுகளைச் சாத்திக்கொண்டோம். விமானம் காலனியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருச்சிப் பக்கம் போயிற்று.

அந்த வருஷ ஆயுத பூசைக்கு மில்லுக்குள் குடும்பங்களை விட்டார்கள். தம்பி பிறந்து, அம்மாவின் தோளில் இருந்தான். ஆபீஸ் கூடத்தில் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"இதென்னங்க, செவுத்தோரமா மணி கோத்த மாதிரி?"

மேனேஜர், "சுண்ணாம்புக் கல்லா இருக்கும் சார்" என்றார்.

பொரி வாங்க நின்ற வரிசையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "கல்லு இல்லைங்கய்யா, எங்க குடம். ஆளுகள உள்ள போகச் சொன்னாங்க, போயிட்டோம். ஒத்தக் குழாயிங்க, அதான் குடம் மட்டும் நின்னுச்சு."

முதலாளி விரலைப் படத்தில் வைத்து, குழாயடியிலிருந்து மெல்ல நகர்த்தினார். சுவர் முடிந்தது, பள்ளிக்கூடம் முடிந்தது, விரல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. ரேஷன் கடைக்கு வந்ததும் திரும்பி மேனேஜரைப் பார்த்தார்.

பொங்கலுக்குள் தெருவுக்கு ஒரு குழாய் வந்துவிட்டது. எங்கள் தெருக் குழாயைத் திறந்தபோது பெண்கள் போட்ட குலவையில் தம்பி விழித்து வீறிட்டான். முதல் குடம் எங்கள் அம்மாவுடையதுதான் என்று அத்தை அடம்பிடித்தாள். வாசலிலிருந்து குழாய்க்கு அம்மா நடந்துபோனதை, ராணி போவதுபோல் தெருவே நின்று பார்த்தது. நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினேன்.

அத்தை எல்லாவற்றையும் தெரிந்தே செய்தாளா? வளர்ந்தபின் ஒருமுறை கேட்டேன்.

"மேல இருந்து பாத்தா குடம் தெரியும்னு எனக்கு எப்படிடி தெரியும்? நான் என்ன ஏரோப்ளேன்ல போனவளா?"

ஆனாலும் ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். விமானம் வந்த நாளுக்கு முந்தின மாலை, அத்தை காலனிப் பெண்களையெல்லாம் குழாயடியில் உட்காரவைத்து, குடங்களைப் புளி போட்டு விளக்க வைத்தாள். வெயில் பட்டால் கண் கூசும் அளவுக்கு நானும் விரல் எரிய எரிய விளக்கினேன். எதற்கு என்று கேட்டதற்கு, "ஆவூர்த் தேர் வருதுல்ல" என்றாள், நானும் நம்பினேன். ஆவூர் மாதா கோயில் தேர், ஈஸ்டர் எனும் உயிர்ப்புத் திருநாளை ஒட்டி வருவது. ஆண்டுக்கு ஆண்டு நாள் மாறும். விமானம் வந்தது அந்தத் தேர் வாரத்தில்தானா என்பதை, படத்தில் நாள் இல்லாததால், என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.